அலைவுகாட்டியின் கண்: அகன்பட்டை விரியலாக்கி வளர்ந்த வரலாறு

கொட்டியாற்றுக் குடாவின் தென்கரையிலே மூதூர் அமைந்துள்ளது. இங்கிருந்து வடக்கே நோக்குவார்க்குக் குடாவுக்கு அப்பால் திருகோணமலைக் குன்றுகளும் கோணேசர் மலையும் தோன்றும். இக்குடாவின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பல்களையே எண்ணினர். போர்த்துக்கேயர் வந்தது, ஒல்லாந்தர் கோட்டை பிடித்தது, பிரான்சியர் நங்கூரமிட்டது, ஆங்கிலேயர் தளம் அமைத்தது என்று அடுக்கி, தளபதிகளின் பெயரையும் பீரங்கிகளின் தொகையையும் தந்து முடித்தனர். எண்ணெய்க் குதங்களின் கணக்கும் நம் மாணவர்க்கு மனப்பாடம். ஆயின், அக்கடலைக் காவல் செய்தவர்கள் எதைக்கொண்டு கண்டனர் என்னும் கேள்வி அந்நூல்களில் அருகியே எழுகின்றது. கண்ட கருவியின் வரலாறு காணப்பட்ட நிகழ்ச்சியின் வரலாற்றோடு பிரிக்கவொண்ணாதபடி பிணைந்தது என்பது எம் கருத்து. பௌதிக ஆசிரியர் அல்லாத யாம் இப்பொருளில் இறங்குதற்குக் காரணம் அதுவே.

மூதூருக்கும் கருவி நூலோர்க்கும் பழைய உறவு ஒன்றும் உண்டு. 1660இல் கொட்டியாற்றிலே சிறைப்பட்டுக் கண்டி மன்னனின் நாட்டில் ஏறத்தாழ இருபதாண்டு கழித்த றொபேட் நொக்ஸ் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. அதற்கு முன்னுரை வழங்கியவர் றொபேட் ஹூக் என்னும் விஞ்ஞானி. உருப்பெருக்குக் கண்ணாடியின் வாயிலாகக் கண்டவற்றை 1665இல் பெருநூலாக வரைந்து தந்தவரும் அவரே. மனிதனின் புலன்கள் குறையுடையன, கருவிகளால் அவற்றை நிரப்பலாம் என்பது ஹூக்கின் கொள்கை. அவர் தொடங்கிய அவ்வழி முந்நூறாண்டின் பின் எங்கே வந்து நின்றது என்பதை இக்குடாவிலிருந்தே தொடங்கிக் காண்போம்.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நான்கு நாள் இடைவெளியில், இலங்கை இருமுறை தாக்கப்பட்டது. 5ஆந் திகதி ஞாயிறு காலை யப்பானிய விமானங்கள் கொழும்பின்மேல் வந்தன. யப்பானியக் கப்பற்படை நெருங்குகின்றது என்ற செய்தி முதல்நாளே கிடைத்திருந்தும், அன்று காலை விமானங்களின் வருகையை அங்கிருந்த றேடார் நிலையம் உரிய நேரத்தில் அறிவிக்கவில்லை. அவை நகருக்கு மேலே வந்த பின்னரே காவல் விமானங்கள் பல நிலத்தை விட்டெழுந்தன. 9ஆந் திகதி திருகோணமலையின் முறை. இங்கே நிகழ்ந்தது வேறு. முதல்நாள் பிற்பகலில் ரோந்து விமானமொன்று எதிரியின் கப்பல்களைக் கண்டு அறிவிக்கவே, துறைமுகத்திலிருந்த கப்பல்கள் இரவிலேயே வெளியேற்றப்பட்டன. காலை ஏழு மணி கடந்த சில நிமிடங்களில், 272ஆம் இலக்கமிட்ட றேடார் நிலையம் ஏறத்தாழத் தொண்ணூறு கடல்மைல் தொலைவிலேயே வரும் விமானங்களைக் காட்டிற்று. சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் முன்கூட்டியே எழுந்து வானில் காத்து நின்றன.

இதனால் திருகோணமலை தப்பிற்று என்று கூறுதல் பொருந்தாது. துறைமுகம் அடிபட்டது. எண்ணெய்க் குதமொன்று நாட்கணக்கில் எரிந்தது. சகாயிங் என்னும் கப்பல் தீப்பற்றிற்று. பின்னர் நீரில் மூழ்கிய அதன் உடலை 2018இலேதான் இலங்கைக் கடற்படையினர் மேலெடுத்தனர். இரவிலே துறையை விட்டு அகன்ற விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிசு மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டு, முந்நூறுக்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. எனினும் எச்சரிக்கையின்றி வந்த 5ஆந் திகதிக்கும் எச்சரிக்கையோடு வந்த 9ஆந் திகதிக்கும் உள்ள வேறுபாட்டை வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டும். துணிவில் கொழும்பிலிருந்தோர் குறைந்தவரல்லர். ஒரு கண்ணாடித் திரையின் மீது தோன்றும் சிறிய மேடு உரிய நேரத்திற் காணப்பட்டதா, இல்லையா என்பதே வேறுபாடு.

அந்த மேடு யாது? அக்கால றேடார் திரைகளிற் பெருவழக்கான வகை ஒன்றில் இடமிருந்து வலமாக ஓர் ஒளிக்கோடு ஓடும். நிலையத்திலிருந்து வானொலித் துடிப்பு புறப்படும் கணத்தில் கோடு தொடங்கும். துடிப்பு விமானத்திற் பட்டுத் திரும்பி வருங்கால் கோட்டின் அவ்விடம் சற்றே துள்ளும். துள்ளல் கோட்டில் எவ்வளவு தள்ளி நிற்கின்றதோ அதுவே தொலைவு. தொண்ணூறு கடல்மைல் என்பது ஏறத்தாழ 167 கிலோமீற்றர். போய்த் திரும்ப அதன் இருமடங்கு. ஒளியின் வேகத்தில் விரையும் அலைக்கு இதற்குத் தேவைப்பட்ட நேரம் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கிற்குச் சற்று மிகுதி. கணக்கை இன்னும் நுணுக்கினால், நேரத்தில் ஒரு மைக்கிரோ செக்கன், அதாவது செக்கனின் பத்து இலட்சத்திலொரு பங்கு பிழைத்தால் தொலைவில் 150 மீற்றர் பிழைக்கும். கைக்கடிகாரத்தின் முள்ளை நம்பி வாழும் மனிதன் இத்தகைய நேரத்தை அளக்கத் தொடங்கியது கதோட்டுக் கதிர்க் குழாய் வந்த பின்னரே.

அக்குழாயை 1897இல் ஆக்கியவர் ஸ்ராஸ்பேர்க்கில் இருந்த கார்ள் பேர்டினண்ட் பிரவுன். காற்று நீக்கிய குழாயினுள்ளே விரையும் இலத்திரன் கற்றை திரையிற் பட்டு ஒளிப்புள்ளியாகும். மின்விசையால் கற்றையை மேலும் கீழும் அசைத்தால் புள்ளியும் அசையும். எடையற்ற இந்த எழுதுகோலுக்கு முள்ளின் சோம்பல் இல்லை. கதோட்டுக் கதிர் அலைவுகாட்டி என்று நம் பாடநூல்கள் வழங்கும் கருவியின் உயிர் இதுவே. 1920களில் வாட்சன் வாட் என்னும் வானிலையாளர் மின்னலின் வானொலி இரைச்சலை ஆராய இக்குழாயைப் பயன்படுத்தினார். மின்னலைத் தேடிய அவரே 1935ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி, இங்கிலாந்தின் டவன்றி நகருக்கு அண்மையில், பறந்துகொண்டிருந்த விமானத்தினின்று தெறித்த வானொலி அலையை அத்தகைய திரையிலே கண்டார். ஏழாண்டின் பின் திருகோணமலையில் ஒளிர்ந்த திரை அந்த மரபினதே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எடையற்ற எழுதுகோல் கிடைத்துவிட்டதாயின், பின்னர் எதற்கு இத்துணைப் பாடு? பாடெல்லாம் குழாயில் இல்லை. குழாய்க்கு முன்னே நிற்கும் விரியலாக்கியிலே உள்ளது. புள்ளியை ஒரு சதமமீற்றர் நகர்த்தப் பத்துக்கணக்கான வோற்று வேண்டும். நாம் காண விரும்பும் குறியோ ஒரு வோற்றின் ஆயிரத்திலொரு பங்காய் வருவது. அதனை உருவம் கெடாமற் பெருக்கித் தரும் பணி விரியலாக்கியினுடையது. மெதுவாய் அசையும் குறியைப் பெருக்குதல் எளிது. திடீரென எழும் துடிப்பைப் பெருக்குதலே அரிது.

அதன் காரணத்தை வயலில் வைத்து விளக்கலாம். அல்லைக் குளத்து நீரை நம்பி நெல் விளைவிக்கும் எவரும் இதனை அறிவர். மதகைச் சட்டெனத் திறந்தாலும் கடைமடையில் நீர் சட்டென உயர்வதில்லை. வாய்க்காலில் உள்ள பள்ளங்கள் முதலில் நிரம்பவேண்டும். பள்ளம் பெரிதாயும் வாய்க்கால் ஒடுக்கமாயும் இருப்பின் நீர் மெல்ல மெல்லவே ஏறும். மதகை மீண்டும் மீண்டும் விரைந்து திறந்து மூடினால், கடைமடை வேளாளனுக்கு அத்திறப்பு மூடல் ஒன்றும் தெரியாது. மங்கிய ஒரே நீர்மட்டமே தெரியும். விரியலாக்கியின் வால்வு ஒவ்வொன்றிலும், இணைப்புக் கம்பி ஒவ்வொன்றிலும், வேண்டாத கொள்ளளவம் என்னும் பள்ளம் உண்டு. தடை என்பது ஒடுக்கமான வாய்க்கால். இவை இரண்டுமாகச் சேர்ந்து, துடிப்பின் செங்குத்தான முகத்தைச் சாய்வாக்கிவிடுகின்றன.

எத்துணை மீடிறன் வரை குறி மங்காமற் செல்லுமோ அதுவே பட்டை அகலம். அக்காலத்தில் மெகா சைக்கிள் என்றதனை இக்காலத்தார் மெகாஹேட்ஸ் என்பர். பட்டை அகலத்திற்கும் துடிப்பு எழுதற்கு ஆகும் எழுநேரத்திற்கும் எளிய உறவு ஒன்று உண்டு: 0.35ஐப் பட்டை அகலத்தால் வகுத்தால் எழுநேரம். 10 மெகாஹேட்ஸ் பட்டை அகலமுடைய கருவி 35 நானோ செக்கனுக்குள் எழும் எதனையும் உள்ளபடி காட்டாது. நானோ செக்கன் என்பது மைக்கிரோ செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு.

உள்ளபடி காட்டாது என்றோம். காட்டாமல் விடுவதுமில்லை. ஒடுங்கிய பட்டையுடைய அலைவுகாட்டி, வேகமான துடிப்பைப் பெற்றாலும் அழகிய, வழவழப்பான, நம்பத்தக்க ஒரு வளைகோட்டையே வரைந்து தரும். தன் இயலாமையை அது அறிவிப்பதில்லை. சுற்றில் கூரிய முள்போல் எழுந்து வால்வைப் பிழையாய் இயக்கும் குறியை, திரையில் ஒரு மெல்லிய வீக்கமாகவே பொறியியலாளன் காண்பான். சுற்றில் குறையில்லை என்றும் கொள்வான். இதனை வரலாற்று ஆசிரியர்கள் நன்கு உணரலாம். நாளாகமம் எழுதியவன் அறியாத நிகழ்ச்சி அந்நூலில் வெற்றிடமாக நிற்பதில்லை. அதன்மீது கதை தொடர்ந்து ஓடிவிடுகின்றது.

பட்டையை அகலமாக்கும் வழிகளில் முதலாவது, தடையைக் குறைத்தல். வாய்க்கால் அகலும், விரைவு கூடும், ஆனால் பெருக்கம் குறையும். குறைந்த பெருக்கத்தை ஈடுசெய்ய இன்னொரு வால்வைச் சேர்த்தால் இன்னொரு பள்ளமும் உடன் வரும். பெருக்கத்தையும் பட்டை அகலத்தையும் பெருக்கி வரும் தொகை வால்வுக்கு வால்வு ஏறத்தாழ மாறாது நிற்பது. ஒன்றைப் பெற மற்றதை விற்கவேண்டும். சிறு தூண்டற் சுருள்களைச் சேர்த்துப் பள்ளத்தின் தீமையைச் சற்றே தணிக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. அளவு மிஞ்சினால் துடிப்பு தாவிக் குதித்துத் தளும்பும்.

இம்முட்டுச் சந்தினின்று வெளியேறும் வழியை 1930களின் நடுவில் வில்லியம் பேர்சிவல் என்னும் ஆங்கிலேயர் கண்டார். வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்காது, அவற்றின் கொள்ளளவங்களையே உறுப்புகளாகக் கொண்டு சுருள்களால் இணைத்த இரு நெடுந்தொடர்களை அமைத்தல் அது. குறி ஒரு தொடரின் வழியே அலையாய்ச் செல்லும். அது தன்னைக் கடக்கும் கணத்தில் ஒவ்வொரு வால்வும் மற்றைத் தொடரில் தன் பங்கைச் சேர்க்கும். கொட்டியாற்றுக் கரையில் கரைவலை இழுப்பதைக் கண்டவர்க்கு இது விளங்கும். ஒருவன் வலிமை வலைக்குப் போதாது. கயிற்றைப் பற்றி வரிசையாய் நிற்போர் ஒரே தாளத்தில், தத்தம் இடத்தில், தத்தம் இழுவையைச் சேர்க்கின்றனர். தாளம் தப்பினால் பத்துப் பேரும் பயனிலர். பள்ளமாயிருந்து பகை செய்த கொள்ளளவம் இங்கே தொடரின் உறுப்பாகித் துணை செய்வது இதன் சிறப்பு. எம் மதிப்பில் இக்கதை முழுவதிலும் மிகச் சிறந்த கருத்து இதுவே. இதனைப் பரவலாக்கிய 1948ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் நால்வருள் ஒருவர் வில்லியம் ஹியூலற். ஹியூலற் பக்கார்ட் நிறுவனத்தின் பெயரில் முதற்பாதி அவருடையது.

நிற்க. போர் முடிந்ததும் றேடார் திரைகளின் முன் அமர்ந்திருந்தோர் பல திசையிற் சென்றனர். பேர்னாட் லொவல் போன்றோர் வானொலி வானியலை வளர்த்தனர். பிரித்தானிய வான்படையில், விமானங்களை றேடாரின் துணையால் தரையிறக்கும் பணியிலிருந்த ஆதர் சி. கிளாக் 1956இல் இலங்கைக்கு வந்தார்; அவரும் அவர் தோழர் மைக் வில்சனும் கோணேசர் மலையடியிற் கடலுள் மூழ்கிப் பழைய ஆலயத்தின் சிதைவுகளைக் கண்ட செய்தியை இக்கல்லூரியார்க்கு யாம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் றேடார் ஆராய்ந்தோர் தாம் கற்றதை 28 நூல்களாக வெளியிட்டனர். அவற்றுள் 18ஆம் நூல் முழுவதும் வெற்றிடக்குழாய் விரியலாக்கிகளைப் பற்றியது. போர்க்கால இரகசியம் நூலகத்தில் எவரும் எடுத்துப் படிக்கும் பொருளாயிற்று.

அவ்வாறு சென்றோருள் நம் கதைக்கு உரியவர் ஹவாட் வொலம். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்துப் போட்லண்டில் 1913இற் பிறந்தவர். றீட் கல்லூரியிற் பௌதிகம் பயின்ற நாளிலேயே தம் கையால் அலைவுகாட்டி ஒன்று ஆக்கியவர். போர்க்காலத்திற் படையின் தொடர்புப் பிரிவில் அதிகாரியாகி, இங்கிலாந்திலே றேடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அங்கே மைக்கிரோ செக்கன் துடிப்புகளோடு பழகிய கண்ணுக்கு, சந்தையில் விற்கப்பட்ட அலைவுகாட்டிகள் குறையுடையனவாய்த் தோன்றியதில் வியப்பில்லை. 1946இல் ஜாக் மேடொக் முதலிய நண்பரோடு டெக்ரோனிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, 1947இல் 511 என்னும் கருவியை வெளியிட்டார். விலை 795 டொலர். பட்டை அகலம் 10 மெகாஹேட்ஸ். அதன் புதுமை அகலத்தில் மட்டும் இல்லை. குறி வந்தபோது மட்டும் கோட்டைத் தொடங்கும் தூண்டல் ஒழுங்கு, திரையின் கட்டங்களைக் கொண்டு வோற்றையும் நேரத்தையும் நேரே படிக்கத்தக்க அளவுத்திட்டம் ஆகியவையும் இருந்தன. வடிவத்தைப் பார்க்க மட்டும் உதவிய கருவி அளக்கும் கருவியாயிற்று.

511இன் வெற்றியோடு ஒரு சிக்கலும் வந்தது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கண் தேவைப்பட்டது. தொலைக்காட்சிப் பொறியியலாளர்க்கு அகன்ற பட்டை வேண்டும். நரம்பின் மின்னசைவை ஆராயும் உடலியலார்க்கு அகலம் வேண்டியதில்லை; நுண்ணிய உணர்வே வேண்டும். இரு குறிகளை ஒப்புநோக்க விரும்புவோர்க்கு இரண்டு கோடுகள் வேண்டும். மேலே சொன்ன பேரம் இங்கும் குறுக்கிடும்: மிக நுண்ணியதையும் மிக விரைந்ததையும் ஒரே விரியலாக்கி காட்டமாட்டாது. ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு முழுக்கருவி செய்தால் விலை தாங்காது. திரைக்குழாய், மின்வழங்கி, நேரக்கோட்டுச் சுற்று என்பன எல்லாருக்கும் பொது. வேறுபடுவது முன்வாயில் ஒன்றே.

எனவே முன்வாயிலைக் கழற்றி மாற்றத்தக்கதாய்ச் செய்தனர். 1950களின் நடுவில் வந்த 530, 540 தொடர்க் கருவிகளில், முகப்பின் கீழே ஒரு பொந்து விடப்பட்டது. அதனுள் மேசை இழுப்பறைபோல் ஓர் அலகு செல்லும். பின்புறத்துப் பதினாறு முனை இணைப்பி தாய்க்கருவியோடு பொருந்தியதும், அதன் மின்வழங்கியினின்றே இவ்வலகும் உயிர்பெறும். இதனைச் செருகலகு என்போம். கடைத்தெருவில் பிளக்-இன் என்றாற்றான் விளங்கும். ஆங்கில எழுத்துகளாற் பெயரிடப்பட்ட குடும்பம் அது. ஏ என்பது பொதுத் தேவைக்குரியது. டீ, ஈ என்பன நுண்ணுணர்வு மிக்கவை; இரு முனைகளின் வேறுபாட்டை மட்டும் பெருக்குவன. சீ இரட்டைக் கோடு வரைவது. கே விரைந்த எழுநேரத்துக்குரியது. பின்னர் திரான்சிற்றரைச் சோதிக்க ஒன்றும், டையோட்டைச் சோதிக்க ஒன்றும், நான்கு குறிகளை ஒருங்கே காட்ட ஒன்றுமாய்க் குடும்பம் பெருகிற்று. 545 என்னும் தாய்க்கருவி முப்பது கிலோவுக்குக் கிட்டிய பாரமுடையது. அரைக் கிலோவாற்று அளவில் மின்சாரம் உண்பது. ஆயினும் அதனை வாங்கியவன் வருங்காலத்தில் தனக்கு யாது தேவைப்படும் என்பதை அன்றே அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆய்கூடத்துக்கு அதனினும் பெரிய உதவி எது?

விரைவை நாடியோர்க்கு உரியது கே அலகு. 545இற் செருகினால் 30 மெகாஹேட்ஸ். எழுநேரம் 12 நானோ செக்கன். தாய்க்கருவியின் இறுதி விரியலாக்கியில் பேர்சிவலின் நெடுந்தொடர் அமைப்பே பணிபுரிந்தது. துடிப்பு தானே கோட்டைத் தொடங்கிவைக்க வேண்டியிருப்பதால், கோடு ஓடத்தொடங்குமுன் துடிப்பின் முகம் கடந்துவிடும் அல்லவா? அதனைத் தடுக்கக் குறியைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் தாமதத் தொடர் ஒன்றும் உள்ளே உண்டு. அதன் பல சிறு கொள்ளளவிகளை ஒவ்வொன்றாய்த் திருகிச் சீராக்குதல் பொறுமையைச் சோதிக்கும் பணி.

இனி, அலகை மாற்றினால் எவ்விரைவும் பெறலாம் என்று எண்ணுதல் தவறு. முன்வாயில் அகன்றதாயினும் உள்வீடு ஒடுங்கியதாயின் பயனில்லை. இரண்டின் எழுநேரங்களும் பைதகரசு தேற்றத்தின் பக்கங்கள்போற் சேரும். அலகு 6 நானோ செக்கன், தாய்க்கருவி 8 நானோ செக்கன் எனின், திரையிற் காண்பது 10. அலகை எத்துணை மேம்படுத்தினும் 8இன் கீழே இறங்கவியலாது. 1960களின் நடுவில் வந்த 1ஏ1 என்னும் இரட்டைக்கோட்டு அலகு இதற்கு நற்சான்று. புதிய 547இற் செருகியபோது அது 50 மெகாஹேட்ஸ் தந்தது. பழைய 545இல் அதே அலகு முப்பதைச் சற்றே கடந்து நின்றுவிட்டது. அகன்பட்டை அலகு ஒன்றை வாங்கினால் பழங்கருவி இளமை பெறும் என்று நம்பி ஏமாறுவோர் இன்றும் உளர்.

அவ்வெல்லையைக் கடக்க இருவழி முயன்றனர். ஒன்று, உள்வீட்டையே புதுக்குதல். 1959ஐ அண்டி வந்த 585 என்னும் கருவியில், கற்றையை அசைக்கும் தகடுகளும் துண்டு துண்டாக்கப்பட்டுத் தொடராயின. கற்றை விரையும் வேகத்திற்கு ஒப்பக் குறியும் தகட்டுக்குத் தகடு நகர்ந்தது. கரைவலைத் தாளம் குழாயினுள்ளும் புகுந்தது. எண்பது, நூறு மெகாஹேட்ஸ் அளவை இதனால் அணுகினர். பழைய எழுத்து அலகுகளை வைத்திருந்தோரைக் கைவிடாது, அவற்றை இப்புதுக் கருவியிற் பொருத்த இடையலகு ஒன்றும் செய்தளித்தமை பாராட்டற்குரியது. மற்றது ஒரு தந்திரம். 1960ஐ அண்டி வந்த என் அலகு, மீண்டும் மீண்டும் வரும் குறியினின்று ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளியை மட்டும் பிடித்தது. பல முறை பிடித்த புள்ளிகளைக் கோத்து மெதுவான கோடாக்கிப் பழைய தாய்க்கருவிக்கு ஊட்டிற்று. 0.6 நானோ செக்கன் எழுநேரத்தை இதனாற் கண்டனர். ஆயின் ஒருமுறை மட்டும் நிகழ்ந்து மறையும் துடிப்புக்கு இத்தந்திரம் உதவாது. 1942 ஏப்ரலில் இரு நாட்களும் ஒருமுறையே வந்தன என்பதை நினைக்க, இக்குறையின் பாரம் விளங்கும்.

ஒருமுறை நிகழ்வதையும் உள்ளபடி காணுதல் 1970களிற் கைகூடிற்று. 1969இல் தொடங்கிய 7000 தொடரில் அலகுகள் சிறியனவாயின. வால்வு போய்த் திரான்சிற்றரும் ஒருங்கிணைந்த சுற்றும் வந்தன. 1972இன் 7904, 7ஏ19 என்னும் அலகோடு சேர்ந்து 500 மெகாஹேட்ஸ் காட்டியது. அத்தசாப்தத்தின் இறுதியில் 7104 என்னும் தாய்க்கருவியும் 7ஏ29 என்னும் அலகும் 1000 மெகாஹேட்ஸை எட்டின. எழுநேரம் 0.35 நானோ செக்கன். அந்நேரத்தில் ஒளியே அரைச் சாண் அளவுதான் செல்லும். இத்துணை விரைவாய் ஓடும் கற்றை திரையில் விட்டுச்செல்லும் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. எனவே திரைக்கு உட்புறத்தில் நுண்துளைகள் செறிந்த தகடொன்றை வைத்து, வந்த இலத்திரனைப் பன்மடங்காக்கி ஒளியூட்டினர். அத்துளைகள் நாட்பட உழைத்து ஓய்ந்துவிடுவன. ஆதலின் தேவையின்றி ஒளியைக் கூட்டுதல் அக்கருவிக்குக் கேடு. 7ஏ29இன் வாயிலும் முன்னையன போன்றதன்று. எந்தச் சுற்றிலும் தொட்டு நோக்கத்தக்க உயர்தடை வாயில் இவ்விரைவில் இயலாமையால், 50 ஓம் தடையுடைய வாயில் ஒன்றே வைத்தனர். அதிக அழுத்தத்தை அறியாது கொடுத்தால் அலகு பழுதாகும். விரைவுக்குக் கொடுத்த விலை இதுவும்.

அதற்குப்பின் எண்முறைக் கருவிகள் வந்தன. குறியை எண்ணாக்கி நினைவில் இருத்தி, வேண்டியபோது வரைந்து காட்டும் அவற்றின் முன் பழைய திரைகள் வழக்கொழிந்தன. எனினும் எண்முறைக் கருவியிலும் முதலில் நிற்பது அகன்பட்டை விரியலாக்கியே. அதன் பட்டைக்கு அப்பாற்பட்டதை எண்ணாலும் மீட்கவியலாது.

எஞ்சிய பழங்கருவிகளின் நிலை யாது? அயல்நாடுகளில் அவற்றைப் பேணுவோர் பலர் உளர். ஒறிகன் மாநிலத்தில் அவற்றுக்கென்றே காட்சியகம் ஒன்றும் உண்டு. நம் நாட்டிலோ அலகும் தாய்க்கருவியும் வெவ்வேறு பொருளாகப் பதிவேட்டில் எழுதப்படுதல் ஒரு தீங்கு. ஓர் ஆய்கூடத்தின் களஞ்சியத்தில் தாய்க்கருவி பொந்து திறந்தபடி நிற்க, அதற்குரிய அலகுகள் பழைய இரும்போடு கழிக்கப்பட்டதை யாம் கேட்டறிவோம். அலகற்ற தாய்க்கருவி கண்ணற்றது. தாய்க்கருவியற்ற அலகுக்கு மின்னூட்டமே இல்லை. கழிவுப் பட்டியல் எழுதும் ஆசிரியர் இரண்டையும் ஒருங்கே நோக்கின் நன்று.

குடாவின் உப்புக்காற்றும் ஈரமும் இக்கருவிகளுக்குப் பகை. ஆயினும் இவை செப்பனிடப்படுவதற்காகவே செய்யப்பட்டவை. ஒவ்வொன்றோடும் வந்த கைந்நூலில் முழுச் சுற்றுப்படமும் ஒவ்வோர் உறுப்பின் தொழிலும் விளக்கப்பட்டிருந்தன. சுற்று விளங்காத மாணவனுக்கு அக்கைந்நூல்கள் இன்றும் நல்லாசான். 540 தொடரில் உறுப்புகள் வெண்ணிறப் பீங்கான் பட்டைகளின் பள்ளங்களிற் பற்றவைக்கப்பட்டன. அப்பள்ளங்களின் வெள்ளிப் பூச்சைச் சாதாரண ஈயப்பற்று கரைத்துவிடும். ஆதலின் வெள்ளி கலந்த பற்றுக்கம்பி ஒரு சிறு சுருளாகக் கருவியின் உள்ளேயே வைக்கப்பட்டது. என்றோ ஒருநாள், எங்கோ ஓரூரில், திருத்த வருபவன் கைக்கு எட்டுவதற்காகத் தொழிற்சாலையார் வைத்தது அது. பழைய 545 ஒன்றின் பக்கத் தகட்டைத் திறப்போர் அச்சுருளை முதலில் தேடுக.